பிரிண்டருக்கு வெள்ளைத் தொப்பி சொன்ன வைத்தியம்

இந்தக் கதையில் பாதிதான் எனக்கு நேரடியாகத் தெரியும். மீதிப் பாதி எதிர்வீட்டு குல்சாய்ரா அக்கா சொன்னது. அவருக்கு அதைச் சொன்னது என் மனைவி. என் மனைவி அதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஆகவே என் வீட்டுக்குள் நடந்த விஷயம் வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, என்னிடம் திரும்பி வந்தது. எங்கள் மலையூர் கோச்கோரில் செய்திகளுக்கு அதுதான் வழக்கமான பாதை.

எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஆடு மேய்த்தார். தாத்தாவும் ஆடு மேய்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். வேலை பெரிதாக மாறவில்லை, கூரை மட்டும் வந்திருக்கிறது. என் டிப்ளமோவைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, கம்பி வைத்த எந்தப் பொருள் கெட்டாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். இஸ்திரிப் பெட்டி, பால் கடையும் மெஷின், ரேடியோ. ஒரு மாமா முள்வேலியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். நான் எதையும் மறுத்ததில்லை. எதையும் சரிசெய்த ஞாபகமும் இல்லை.

அதே முன்னறையில்தான் என் மனைவி பெர்மெத் அச்சுக்கடை வைத்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, குழந்தை முதல் அடி வைக்கும் விருந்துக்கு அழைப்பு, எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு பெரிய முடிவு எடுக்கும்வரை.

"பெர்மெத், நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறது திருட்டு சிஸ்டம்."

"யாருகிட்டேருந்து திருடினீங்க?"

"நான் திருடல. வித்தவன் போட்டுக் குடுத்தான்."

"அப்ப அவனைத் திட்டுங்க. கம்ப்யூட்டரை எதுக்குத் திட்டறீங்க?"

"வகுப்புல பசங்களை நேர்மையா இருன்னு சொல்லிட்டு, வீட்ல திருட்டுச் சரக்கை வெச்சிருக்க எனக்கு மனசு வரல. லினக்ஸ் போடப் போறேன். அது எல்லாருக்கும் சொந்தம். யாரு வேணும்னாலும் உள்ள திறந்து பாக்கலாம்."

"எப்பவும் திறந்தே இருக்குமா?"

"எப்பவும்."

"குளிருமே!"

"இது அந்தத் திறப்பு இல்ல."

"சரிங்க வாத்தியாரே. ஆனா குல்சாய்ரா அக்கா பையனோட கல்யாணப் பத்திரிகை இருக்கு. சனிக்கிழமை காலையில வேன் கிளம்பறதுக்குள்ள குடுத்தாகணும். அது முடியட்டும். அப்புறம் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடுங்க, பெயின்ட் அடிங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

"ஒரு மணி நேர வேலைம்மா இது."

இந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. மறுக்க நினைத்தாலும் முடியாது. குல்சாய்ரா அக்கா அப்போது வாசலில்தான் நின்றிருந்தார்.

லினக்ஸ் அருமையாக ஏறியது. திரை வந்தது, சத்தம் வந்தது, இத்தனை வருடமாகக் குருடாக இருந்த கேமராவுக்குக்கூடக் கண் வந்தது. பிரிண்டர் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டரைக் கேட்டால் "அச்சடித்து முடிந்தது" என்றது. பிரிண்டர் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டும் திருப்தியாக இருந்தன. காகிதம்தான் வெள்ளையாகவே இருந்தது.

நிலைமையின் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியவேண்டும். எங்களிடம் கல்யாணத்துக்கு வாய்வார்த்தையாக மட்டும் கூப்பிட்டால் போதாது. பெயர் அச்சடித்த அட்டை கைக்குப் போகவேண்டும். நாரினுக்கு, கராகோலுக்கு, தலைநகர் பிஷ்கெக்குக்கு என்று வேன் ஓட்டுநர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஓர் அட்டை வராமல் போனால் அவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். அடுத்த கல்யாணத்துக்கும் வரமாட்டார். குழந்தை பிறந்தால் எட்டிப்பார்க்க மாட்டார். அவருடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பேசமாட்டார்கள். குல்சாய்ரா அக்காவின் குடும்பம் மொத்தமும் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, வரல."

"வரலன்னு மொட்டையா சொல்லக்கூடாது பெர்மெத். எங்க துறையில ஒரு முறை இருக்கு. என்ன செஞ்சே, என்ன எதிர்பார்த்தே, என்ன நடந்தது. மூணையும் ஒழுங்கா சொன்னாத்தான் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும்."

"சொல்றேன். என்ன செஞ்சேன்? படிச்ச மாப்பிள்ளைன்னு கட்டிக்கிட்டேன். என்ன எதிர்பார்த்தேன்? வீட்டுக்கு வெளிச்சம் வரும்னு. என்ன நடந்தது? பச்சை லைட்டு எரியுது."

"இது கோபம். தகவல் இல்ல."

"பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போடுங்க."

"அழிச்சுட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் டிப்ளமோவைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

"நான் சரிபண்ற வரைக்கும் அந்த மெஷினைத் தொட்டுடாதே! இது தொழில்நுட்பம்!" என்று அவள் முதுகுக்குச் சொன்னேன்.

எங்கள் நாட்டு லினக்ஸ்காரர்களும் மற்ற கம்ப்யூட்டர்காரர்களும் கூடிப் பேசும் ஓர் இணையக் குழு இருக்கிறது. அங்கே போய் என் குறையை எழுதினேன். படித்தவன் கேள்வி கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. பயந்தபடியே பிஷ்கெக்கிலிருந்து ஒருவர் எழுதினார்: "கையேட்டைப் படிச்சீங்களா?" படித்துப் பார்த்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. மேய்ச்சல் மலைக்குப் போகும் பாதைபோல வளைந்து வளைந்து போய், கடைசியில் இன்னொரு கையேட்டைப் படிக்கச் சொன்னது.

அப்போதுதான் அவர் வந்தார். பெயர் இருந்த இடத்தில் "வெள்ளைத் தொப்பி" என்று மட்டும் இருந்தது. எங்கள் பெரியவர்கள் தலையில் வைக்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பியின் படமும் இருந்தது. பார்த்தவுடனே எனக்குள் ஒரு மரியாதை எழுந்து நின்றது.

"பதறாதீங்க. பிரிண்டர் இருக்கறதை கம்ப்யூட்டர் பாக்குதான்னு மொதல்ல பாப்போம்" என்று எழுதி, ஒரு கட்டளை கொடுத்தார். அடித்துப் பார்த்தேன். பார்த்தது.

"பாக்குது அண்ணே!"

"நல்லது. பிரிண்டர் இருக்கற அறையில நிலக்கரி அடுப்பு இருக்கா?"

"இருக்கு அண்ணே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஊரு கோச்கோர்னு போட்டிருக்கீங்களே. சாம்பல் தூசி பிரிண்டருக்கு விஷம். தினமும் காலையில சாம்பலை நீங்களே அள்ளிக் கொட்டுங்க. தொழில்நுட்பம் தெரியாதவங்க அள்ளினா தூசி பறக்கும்."

எவ்வளவு நுணுக்கம்! மறுநாள் காலை பெர்மெத் எழுந்திருக்கும்முன் சாம்பலை அள்ளினேன். அவள் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்:

"என்னங்க, அதிசயமா இருக்கு?"

"உனக்குப் புரியாது. தூசிக் கட்டுப்பாடு."

"சரிங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த சிகிச்சை கம்பளம். "தரையில கம்பளி விரிப்பு கிடந்தா நடக்க நடக்க மின்சாரம் ஊறும் தம்பி. ஸ்வெட்டர் கழட்டும்போது பட்டுபட்டுன்னு பொறி வருதில்ல, அதுதான். மெஷினோட மூளையைக் கலக்கிடும். எல்லாத்தையும் வெளியே கொண்டுபோய்ப் பனியில கவுத்துப் போட்டு நல்லா அடிங்க."

"எல்லாத்தையுமா அண்ணே? படுக்கற அறையில இருக்கறதையுமா?"

"மின்சாரம் அறை பாத்தா ஓடும்?"

நியாயம்தான். கம்பளங்களை இழுத்துப்போய்ப் பனியில் போட்டுத் தடியால் அடித்தேன். சுற்றியிருந்த வெள்ளைப் பனி கறுத்தது. என் மூக்கு சிவந்தது. குல்சாய்ரா அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பத்திரிகைக் கவலையில் அழுகிறார் என்று நினைத்து, "கவலைப்படாதீங்கக்கா, சரியாயிடும்!" என்று கத்தினேன். அவருடைய தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின.

பிறகு, உலர்ந்த காற்று ஆகாது என்று அண்ணன் சொன்னதால் தெருக் குழாயிலிருந்து தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு பாத்திரம் பிரிண்டர் பக்கத்தில், மீதி சமையலறையில். "காற்று வீடு முழுக்கச் சுத்துது இல்லையா தம்பி?" என்றார் அண்ணன். இடையிடையே "இருங்க, பால் பொங்குது" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவார். இவ்வளவு பெரிய மனிதர் வீட்டு வேலையும் பார்க்கிறாரே என்று என் கண் கலங்கியது. எங்கள் சமையலறையிலிருந்தும் பால் பொங்கிய வாசனை வரும். குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் பால் பொங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அண்ணன் நோயைச் சொன்னார். எங்கள் பிரிண்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாதாம். சில பிரிண்டர்கள் அப்படித்தானாம். மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ஒரு சின்ன ஃபைலை அதன் காதில் ஓதவேண்டும். ஓதினால்தான் தான் ஒரு பிரிண்டர் என்பதே அதற்கு ஞாபகம் வரும். பழைய சிஸ்டம் சொல்லாமல் கொள்ளாமல் அதைச் செய்துகொண்டிருந்தது. அந்த ஃபைல் லினக்ஸோடு வராது, தனியாகக் கொண்டுவந்து வைக்கவேண்டும். எங்கே கிடைக்கும், எங்கே வைக்கவேண்டும், எந்தக் கட்டளையால் ஓதவேண்டும் என்று அண்ணன் வரிவரியாகச் சொன்னார்.

ஓதினேன். பிரிண்டர் செருமியது. ஒரு காகிதம் வெளியே வந்தது. அதில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

"பெர்மெத்! வா! பாரு!"

"அட, வந்துடுச்சே! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் ஒரு அனுபவம்தான்" என்றேன். அண்ணனைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவள் "எனக்குத் தெரியும், நீங்க கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டாள். அந்த வாக்கியத்தை நான் இதற்குமுன் அவள் வாயால் கேட்டதே இல்லை. கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சில பத்திரிகைகள் அச்சாயின. சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் பச்சை விளக்கு, வெள்ளைக் காகிதம். மறுபடியும் ஓதினேன், வந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தேன், நின்றிருந்தது. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அட்டைகளில் பாதிகூட முடியவில்லை. தாய்மாமன் பக்கத்து அட்டைகள் ஒன்றுகூட அச்சாகவில்லை. நான் பதறிப்போய் எழுதினேன்.

அண்ணன் கேட்டார்: "தம்பி, அறையை விட்டுப் போகும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கறாங்களா?"

எங்கள் ஊரில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது பாய்ந்து வரும். கொழுந்தியாளுடைய ஃபிரிட்ஜ் அப்படித்தான் புகைந்தது. அதனால் அறையை விட்டுக் கிளம்பும்போது எங்கள் கை தானாகவே எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடும். கதவைச் சாத்துவதுபோல. கதவைச் சாத்தியது யார் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் பதில் எழுதினேன்.

"நான் இல்ல அண்ணே. என் மனைவியா இருக்கும். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்."

சமையலறையில் ரொட்டிமாவைப் பலகையில் ஓங்கி ஓங்கி அறையும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் பதில் வந்தது.

"அப்படியா தம்பி. உங்க வீட்ல பாத்திரம் யாரு கழுவறா?"

"அவதான் அண்ணே."

"இனிமே நீங்க கழுவுங்க."

"பாத்திரத்துக்கும் பிரிண்டருக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"

"சாப்பிட்டதும் நேரா பாத்திரத்துல கையை வைங்க. ஈரக் கையோட யாரும் பிளக்கைத் தொடமாட்டாங்க."

அந்த விளக்கம் எனக்கு முழுதாகப் புரியவில்லை. பெரியவர் சொல்கிறார், கேட்போம் என்று கழுவினேன். ஆச்சரியம், பிரிண்டர் நிற்கவே இல்லை! சாயங்காலம் அண்ணன் இன்னொரு வரியும் கொடுத்தார். "இதைக் கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சுடுங்க. இனிமே மின்சாரம் வந்ததும் அதுவே ஓதிக்கும். யாரு பிடுங்கினாலும் பரவாயில்ல. யாரா இருந்தாலும்." எழுதி வைத்தேன். சோதித்துப் பார்ப்பதுபோல மின்சாரமே ஒருமுறை போய்த் திரும்பியது. பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. சனிக்கிழமை காலை வேன்கள் கிளம்பியபோது ஒவ்வொரு ஓட்டுநரின் மடியிலும் ஒரு கட்டு இருந்தது. தாய்மாமனின் அட்டையை நானே கையில் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தாய்மாமன் பரிசாக ஒரு குதிரையோடு வந்தார். எங்கள் விருந்தில் ஒவ்வொருவரும் எழுந்து வாழ்த்துச் சொல்லவேண்டும். என் முறை வந்தது. அந்தக் கெட்டிக்காரப் பட்டத்தை அதற்குமேல் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னேன்.

"பத்திரிகை அச்சானது என்னால இல்ல. வெள்ளைத் தொப்பின்னு ஒரு அண்ணன். முகம் தெரியாது, ஊர் தெரியாது. சுயலாபம் எதுவும் பாக்காம எனக்காக ராப்பகலா பாடுபட்டார். அவர் மட்டும் என் வீட்டுக்கு வந்தா, மேலிடத்துல உக்காரவெச்சு, பெரிய விருந்தாளிக்கு வைக்கற ஆட்டுத் தலையை அவர் முன்னால வெச்சு, என் கையாலேயே தேநீர் ஊத்துவேன். எல்லாரும் சாட்சி!"

தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குல்சாய்ரா அக்கா சூப்புக் கிண்ணத்தைக் கொட்டிக்கொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கொப்பரைக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, உடம்புக்கு என்ன?"

"சுயலாபம் பாக்காமயா! அட மண்டு! உன் வீட்டுக் கம்பளம் எத்தனை வருஷமா அடிக்காம கிடந்துச்சு தெரியுமா?"

"அது மின்சாரத்துக்காக..."

"அந்த மின்சாரம் உன் சமையக்கட்டுலதான் உக்காந்து ஃபோன்ல எழுதிக்கிட்டிருந்துச்சு! மாவுக் கையைத் துடைச்சுத் துடைச்சு! அந்தக் கடைசி வரி மொத நாளே அவகிட்ட இருந்துச்சுடா. என் பத்திரிகை போயிடப்போகுதுடின்னு நான்தான் பதறினேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'இருங்கக்கா, இன்னும் பாத்திரம் இருக்கு'ன்னா."

உள்ளே போனேன். பெர்மெத் சமோவர் பக்கத்தில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"என்னங்க நானா?"

"என்னைத் தம்பின்னு கூப்பிட்டே!"

"நீங்க அண்ணேன்னு கூப்பிட்டீங்களே. பதிலுக்கு வேற என்ன சொல்றது?"

"அன்னிக்கே நேரா சொல்லியிருக்கலாமே பெர்மெத்."

"சொன்னா கேட்டிருப்பீங்களா? தொடாதேன்னீங்க. நானும் தொடலையே. எல்லாம் உங்க கையாலதானே நடந்துச்சு?" கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "உங்க அப்பா ஊருக்கு வர்றப்பல்லாம் அந்த டிப்ளமோவைத் தொட்டுப் பாத்துட்டுத்தாங்க உக்காருவார். அதுக்குக் கீழயே உக்காந்து நான் சரிபண்ணிட்டா நல்லாவா இருக்கும்?"

ஏமாந்தது உண்மை. ஆனால் அந்த நிமிடம் வந்தது கோபமில்லை, நன்றிதான். தெரியாது என்று சொல்ல வாழ்நாள் முழுக்கப் பயந்தவன் நான். என்னைப் பயமில்லாமல் கேட்கவைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, கெட்டிக்காரர் என்ற பட்டமும் கொடுத்தவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

அத்தனை சாட்சிகள் முன்னால் சொன்ன வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடு வெட்டினோம். பெர்மெத் மேலிடத்தில், வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தாள். ஆட்டுத் தலையை அவள் முன் வைத்தேன். தேநீரையும் நானே ஊற்றினேன். நன்றி மிகுதியில் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டேன். எங்களிடம் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் விருந்தாளி எழுந்து போகலாம் என்று பொருள்.

"என்னங்க, வந்த உடனே கிளம்பச் சொல்றீங்க?" என்றாள். குல்சாய்ரா அக்கா மறுபடியும் வெளியே ஓடினார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எதையும் சரிபார்க்காமல் எழுதக்கூடாது என்பதால், அந்தக் குழுவின் பழைய பக்கங்களைப் புரட்டி, வெள்ளைத் தொப்பி முதன்முதலில் எப்போது வந்தார் என்று தேடினேன். எங்களுக்குக் கல்யாணமான மறுமாதம். அன்று அவர் கேட்டிருந்த கேள்வி இது: "என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைச் சரிபண்ணிட்டார். அதைத் திரும்ப வேலை செய்யவைக்க என்ன பண்ணணும்?"